போட்டிக்கு வந்த அண்ணன்

“சுஜி, யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே!”

விண்ணப்பம் போட்ட அன்றே காலேப் மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டான். மேற்குத் தாம்பரத்தில் அரசு கட்டிய அடுக்குமாடி. மானியம் போக, அடுத்த தெரு தனியார் ஃபிளாட்டில் பாதி விலைதான். இருப்பதோ பன்னிரண்டே வீடு. குலுக்கலில் பெயர் வந்தால் சொந்த வீடு, வராவிட்டால் ஆயுசுக்கும் வாடகை. ஊரைக் கூட்டிச் சொல்லிப் போட்டியைப் பெருக்கிக்கொள்ள அவன் என்ன இளிச்சவாயனா?

சொல்லாமல் இருந்ததோடு விட்டானா என்றால், அதுவும் இல்லை.

சர்ச் வாசலில் ஏசுதாசன் அண்ணன் வலிய வந்து கேட்டார். பல்லாவரத்தில் வாடகைக்கு இருப்பவர். அவரும் முதல் வீடு தேடிக்கொண்டிருந்தார்.

“தம்பி, தாம்பரத்துல கவர்மென்ட் ஃபிளாட் குலுக்கல்ல தர்றாங்களாமே? போட்டுப் பார்க்கலாமா?”

“ஐயோ அண்ணா, வேணவே வேணாம்! என் ஃப்ரெண்டு போய்ப் பார்த்துட்டு வந்தான். ஆணி அடிச்சா சுவரே கையோட வருதாம். நாங்க ஊரப்பாக்கத்துல பிரைவேட்லதான் பார்க்கிறோம்.”

“அப்படியா? நல்லவேளை சொன்னே தம்பி.” அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

குலுக்கல் நாள். கல்யாண மண்டபத்தில் நிற்க இடமில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்த காலேப்புக்குப் பகீரென்றது.

“அங்க பாரு சுஜி, ஏசுதாசன் அண்ணன்! பைபிளும் கையுமா உட்கார்ந்திருக்கார். என்கிட்ட தலையை ஆட்டிட்டு, கமுக்கமா வந்து விண்ணப்பம் போட்டிருக்கார். பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?”

“நீங்க மட்டும் என்னவாம்?”

“சும்மா இரு. நம்ம வீட்டைத் தட்டிட்டுப் போகப் போறார்.”

சீட்டு எடுக்கத் தொடங்கினார்கள். ஒன்று, ஐந்து, பத்து... ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு மூலையில் கூச்சல் எழுந்தது. பதினொன்றும் போயிற்று. கடைசிச் சீட்டைப் பிரித்த அதிகாரி, சாவகாசமாகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மனுஷருக்கு இரக்கமே இல்லை.

“காலேப்! தகப்பனார் பெயர் சாமுவேல்!”

சுஜி அலறியே விட்டாள். “வந்துடுச்சுங்க! நம்ம வீடுங்க!”

காலேப் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினான். தாம்பரத்தையே தன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டவர் ஏசுதாசன் அண்ணன்தான். கண் கலங்கியிருந்தது.

“ஸ்தோத்திரம் தம்பி! ஸ்தோத்திரம்!”

காலேப்புக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஜெயித்தவனுக்கு அதெல்லாம் தாராளமாக வரும்.

“உங்க பேர் வரலையேண்ணா...”

“நான் எங்க போட்டேன்? நீதான் வேணாம்னுட்டியே!”

“அப்புறம்... இங்க எப்படி?”

“குலுக்கல்ல வீடு கிடைக்கணும்னு ஜெபிக்கச் சொல்லி, சுஜி போன வாரம் நம்ம ஜெபக் குழுவுல எழுதிக் கொடுத்திருந்துச்சு. அதான் லீவு போட்டுட்டு வந்து, காலையிலேர்ந்து உனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

காலேப் திரும்பிச் சுஜியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

ஏசுதாசன் அவன் தோளில் கை போட்டு, பிறர் காதில் விழாமல் சொன்னார்:

“மோசமான வீடுன்னு தெரிஞ்சும் நீ அதுக்கே போட்டிருக்கேன்னா, உனக்கு எவ்வளவு பணக் கஷ்டமோ! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா தம்பி?”