நெஞ்செரிச்சல் மாத்திரை

எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவு டாக்டர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே தையல்காரர் மேல் எரிந்து விழுந்தார்.

“ரத்தத்துல கிருமி டெஸ்ட்லயே தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருந்துச்சு. இப்ப மறுபடி ஏறியிருக்கு. மாத்திரையை ஒழுங்கா போடறியா இல்லியா?”

“ஒருநாள்கூட விட்டதில்ல சார், சத்தியமா!”

“கூட வேற எதையாவது முழுங்கறியா? மறைக்காம சொல்லு.”

தையல்காரர் தயங்கித் தயங்கி ஒரு மாத்திரை அட்டையை மேஜைமேல் வைத்தார். “நெஞ்செரிச்சலுக்குக் குடுத்தாங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் போடறேன்.”

“போச்சு! இதோட சேர்த்துப் போட்டா நம்ம மாத்திரை உடம்புல சரியா சேராதுய்யா. வேற என்ன மருந்து சாப்பிடறேன்னு கேக்காம இதைக் குடுத்த மடையன் யாரு?”

“கேட்டாரு சார். நான்தான் ஒண்ணுமில்லன்னுட்டேன். அந்த கிளினிக்ல எச்.ஐ.வி. இருக்கறவங்களைப் பாக்க மாட்டோம்னு வாசல்லயே சொல்லிடறாங்க.”

“அவனெல்லாம் ஒரு டாக்டரா? சட்டையைப் பிடிச்சு உலுக்கணும்! பேரைச் சொல்லு, இப்பவே புகார் எழுதறேன்.” டாக்டர் பேனாவை எடுத்தார்.

“வேணாம் சார்...”

“பயப்படாம சொல்லுய்யா!”

“உங்க சாயங்கால கிளினிக்தான் சார். அங்க உள்ள போனப்புறம்தான் நீங்கன்னு தெரிஞ்சுது.”

டாக்டர் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அங்க உன்னை யாரும் பாக்கலையே?”

“யாருமே பாக்கல சார். நீங்ககூட.”