பலகைக்கு அந்தப் பக்கம்

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் பெயர் கேட்டதும், அடுப்பு ஊதிக்கொண்டிருந்த வேலாயிக்கு மூச்சு பாதியில் நின்றது.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் அடுத்த வீடு நீலாவதியுடையது. அவள் மகள் தாமரை டவுன் பள்ளியில் இரண்டாம் பாரம் படிக்கிறவள். இங்கிலீஷைத் தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருந்தாள். வேலாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நடுநடுவே, "வேலாயி... இந்தியா... தங்கம்மா..."

தங்கம்மா!

பதறிக்கொண்டு ஓடினாள். "என்னாடி படிக்கிற?"

"பேச்சுப் போட்டி அத்தை. சமூகப் பாடத்துல, தோட்டத்து ஜனங்க எங்கேருந்து வந்தாங்க, எப்படிப் பொழைக்கிறாங்கன்னு கேட்டு எழுதச் சொன்னாங்கல்ல? ஒங்களப் பத்தி எழுதினேனா, திருச்செல்வம் சாருக்குப் புடிச்சுப் போச்சு. அதையே இங்கிலீஷ்ல பேசச் சொல்லிட்டாரு."

"நான் சொன்னது பூராவுமா?"

"பூராவும்தான்."

வேலாயி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள். தன் கதையையும் ஒருத்தி உட்கார்ந்து கேட்கிறாளே என்ற பூரிப்பில் அன்றைக்கு உளறித் தொலைத்தது. வேலாயி கையில் இருப்பது சிவப்புக் கார்டு. இந்த நாட்டுப் பிரஜை இல்லை. வேலை பெர்மிட்டும் முடிந்துபோனது. கம்போங் ராஜா என்ற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன தங்கம்மாவின் பெயரைக் கங்காணி ஆள் பட்டியலிலிருந்து இன்னும் வெட்டாமல் வைத்திருக்கிறார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் "தங்கம்மா!" என்று கூப்பிட்டால், வேலாயிதான் கை தூக்குவாள். லயத்துக்கே தெரியும். தோட்டத்து மேனேஜர் துரைக்குத்தான் தெரியாது.

"போட்டிக்கு யாரு வர்றா?"

"நம்ம துரைதான் தலைமை. கோப்பையே அவரு கையாலதான்!"

"ஐயோ, என்னை இந்தியாவுக்கே கப்பலேத்திருவாங்கடி! வேற ஏதாச்சும் பேசேன். ஆடு, மாடுன்னு..."

"சார் இதத்தான் பேசணும்னுட்டாரு அத்தை."

"அவருகிட்ட விஷயத்தச் சொல்லிரு."

"அந்தத் தங்கம்மா விஷயத்த மட்டும் நான் கட்டிவிட்ட கற்பனைன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு. நெசம்னு சொன்னா அவருக்கும்ல தெரிஞ்சுரும்?" தாமரை தலை நிமிரவில்லை. "சனிக்கெழம போட்டி. இனி மாத்த முடியாது."

மறுபடியும் ஆரம்பித்தாள். வேலாயி, இந்தியா, தங்கம்மா.

'ஒரு கோப்பைக்காக என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறாளே!'

அந்த வாரம் பூராவும் சோறு இறங்கவில்லை. பெரட்டில் கை தூக்கும்போதெல்லாம், யாரோ வந்து அந்தக் கையைப் பிடிக்கப்போவது போலவே இருந்தது.

சனிக்கிழமை தோட்டத்து லோரியில் எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள். வீட்டில் இருந்தால் உயிர் போய்விடும்போல் இருந்ததால் அவளும் ஏறிக்கொண்டாள். கதவோரம் கடைசி பெஞ்சு. முன்வரிசையில் துரை, கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

தாமரை மேடையேறினாள்.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்... மை நேபர்..."

வேலாயி முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த சொல் வரவில்லை.

திருச்செல்வம் சார் ஓரத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார். தாமரை கடைசி பெஞ்சுப் பக்கம் பார்த்தபடி திருதிருவென்று விழித்தாள். மறுபடி எடுத்துக் கொடுத்தார். ம்ஹூம்.

"தோட்டத்துப் புள்ளைக்கு இங்கிலீஷ் வரலைலா!" என்று ஒரு பையன் கத்தினான். கூடமே சிரித்தது. துரைகூடச் சிரித்தார். கோப்பை வேறொருத்திக்குப் போனது.

'மாரியாத்தா! அவ வாயக் கட்டிட்டியே!' வேலாயிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திரும்பும்போது லோரியிலேயே நீலாவதி மகள் தலையில் நங்கென்று குட்டினாள். "ஒரு வாரமா நெட்டுரு போட்டு, கடைசியில மானத்த வாங்கிட்டியேடி எரும!"

போன தைரியமெல்லாம் வேலாயிக்குத் திரும்பியிருந்தது. "விடு நீலா. மண்டையில ஏறலன்னா புள்ள என்னா பண்ணும்? நாளைக்கு எங்கூட கொழுந்து கிள்ள வரட்டும்!"

லோரியே சிரித்தது. தாமரை பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் வேலாயி அடுப்பு மூட்டினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு பசித்தது. விறகை ஊதக் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

பலகைக்கு அந்தப் பக்கம், யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல், சன்னமாக ஒரு குரல்.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்..."

வேலாயி... இந்தியா... தங்கம்மா...

தட்டுத் தடுமாறாமல், கடைசிச் சொல்வரை சொல்லி முடித்துவிட்டு, அப்புறம்தான் தாமரை அழுதாள்.