ஒரே உறையில் இரண்டு தட்டுகள்

கேட்போர் முதலில் அறிய வேண்டியவை: அந்தக் கடையில், வாடிக்கையாளர் விரும்பும் பாடல்களை இசைத்தட்டுகளிலிருந்து ஒலிநாடாவில் பதிந்து தருவார்கள். ஓராண்டு முழுவதும் எவரும் கேட்காத தட்டை உருக்க அனுப்பிவிடுவார்கள். ஒரே மெட்டுள்ள ஆங்கில ராக் தட்டும் தமிழ்த் திரைப்படத் தட்டும் ஓர் உறைக்குள் இருந்தன. இக்கதை நடந்த நாளே இரண்டுக்கும் அந்த ஓராண்டுத் தவணையின் கடைசி நாள்.

அன்று வந்த வேதவல்லி என்னும் தட்டச்சர், பாடலின் பெயர் மறந்துபோனதால் மெட்டை மட்டும் முணுமுணுத்தார். கடைக்காரர் ஊசியைத் துடைக்கத் தொடங்கினார்.

"அவர் கேட்பது என்னைத்தான்," என்றது ஆங்கிலத் தட்டு. "என் கிதாரைத் திருடி, மேலே நாதஸ்வரத்தை ஒட்டினால் சொந்தமாகிவிடுமா, அம்மணி?"

"துரையே, உங்களை இவ்வூரில் எவர் சீண்டினார்? நான் பாடியதால்தான் அந்த மெட்டுக்கே வாழ்வு!"

"திருடி!"

"கத்தினால் பாட்டாகிவிடுமா?"

முதலில் வெளியேற முண்டிய இரண்டும், ஒன்றையொன்று உரசிக் கீறிக்கொண்டன.

பின்னர் உறுதியானவை: இரு தட்டுகளிலும் ஊசி பல்லவியிலேயே தாவியது. வேதவல்லி வேறொரு பாடலைப் பதியச் சொன்னார்; அதுவும் நன்றாகவே இருக்கிறது என்றார். மாலையில் இரண்டையும் ஒரே கொப்பரையில் உருக்கினார்கள். உருக்கியவர் தட்டுகளின் மேலிருந்த பெயர்களைப் படிக்கவில்லை.