ஆமென் சொல்லாதவள்

“இந்த ஜெபத்தை மட்டும் என்னால பண்ண முடியாதுங்க” என்றாள் மணிமொழி.

ராஜாம்பாள் அம்மா வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் ஆறு வருஷமாக நடக்கிறது. எது விட்டுப்போனாலும் ஒரு விண்ணப்பம் மட்டும் விட்டுப்போகாது. மைன்ஸில் கான்ட்ராக்ட் வெல்டராக இருக்கும் அறிவழகன் பெர்மனென்ட் ஆக வேண்டும். அதற்காக வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவரும் சாப்பிடுவதுகூட இல்லை.

இந்த வாரம் ஜெபிக்க வேண்டியது மணிமொழியின் முறை.

“உன் வீட்டுக்காரருக்கு பெர்மனென்ட் இருந்தாப் போதுமா? அடுத்தவனுக்கு வேணாமா?” என்று கேட்டார் ராஜாம்பாள்.

அங்கேயே உட்கார்ந்திருந்த அறிவழகன் தலையைக் குனிந்துகொண்டான். விசுவாசக் குறைவு என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

காரணம் சொல்ல அரை நிமிஷம் போதும். ஆனால் இத்தனை பேர் முன்னால் அவனை வைத்துக்கொண்டு சொல்வதில்லை என்று மணிமொழி உறுதியாக இருந்தாள். கடைசியில் ராஜாம்பாளே ஜெபித்து முடித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை.

அறிவழகனுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது, இனி எந்த லிஸ்டிலும் பேர் வராது என்று மைன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் அவள் கணவர்தான் மூன்று வாரத்துக்கு முன்பு சொன்னார். நமக்கு எதற்கு, அவன் மனசை உடைக்காதே என்றும் சொன்னார். அவளும் இரண்டு வெள்ளிக்கிழமைகளைப் பேசாமல் கடத்திவிட்டாள்.

இன்று காலையில்தான் ரேஷன் கடையில் அறிவழகன் மனைவியைப் பார்த்தாள். வடலூரில் கிரில் பட்டறை வைத்திருக்கும் அவன் மச்சான் ஊரை விட்டே போகிறாராம். பட்டறையை அறிவழகனையே எடுத்து நடத்தச் சொல்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். இவன் வாயே திறக்க மாட்டேன் என்கிறானாம்.

இனியும் சும்மா இருந்தால் அதற்குப் பேர் அன்பு இல்லை, பயம் என்று மணிமொழிக்குத் தோன்றியது.

எல்லாரும் டீ குடிக்கும்போது அவனைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“தம்பி, நான் சொல்றது வலிக்கும். உன்மேல அக்கறை இல்லாம சொல்றேன்னு மட்டும் நினைச்சுடாதே.”

“சொல்லுங்கக்கா.”

“பெர்மனென்ட் இனிமே வராதுப்பா. வயசு தாண்டிடுச்சு. அதையே நம்பிக்கினு இருந்தா கைக்கு வந்த பட்டறையும் போயிடும். உன் கை வேலையை நான் பார்த்திருக்கேன். நீ நல்லாப் பிழைச்சுக்குவே.”

அவன் கண் கலங்கியது.

எதற்கும் பார்க்கலாம் என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்துவிட மணிமொழிக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள். ஆனால் அவனை விட்டு நகரவும் இல்லை.

அறிவழகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அக்காமேல யாரும் கோவப்படாதீங்க. எனக்கு பெர்மனென்ட் வராது. ஞாயித்துக்கிழமை வடலூர் போயி பட்டறையை எடுத்துக்கப் போறேன். வராதுன்னு எனக்கே ரெண்டு வருஷமாத் தெரியும்.”

மணிமொழி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“தெரிஞ்சுமாப்பா வாரம் தவறாம வந்து மண்டி போட்டே?” என்றார் ராஜாம்பாள்.

“எனக்காக எல்லாரும் பட்டினி கிடக்கிறீங்க. உங்க மனசை எப்படிம்மா உடைக்கிறது? உங்கள்ல யாராவது ஒருத்தர் முதல்ல சொல்லிட மாட்டாங்களான்னுதான் வந்துக்கினு இருந்தேன்.”