இரைச்சல்

"பாட்டுல லாரி எப்பய்யா வந்தது?" என்றார் பேங்க்காரர்.

கம்ப்யூட்டர் கடைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டுக்காரனுக்குச் சிரிப்பு வரவில்லை. லேத்துப் பட்டறையில் வேலை பார்ப்பதால் அவனை எல்லாரும் லேத்து என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவனே பலகை அறுத்துக் கட்டிய இரண்டு ஸ்பீக்கர்கள் முன்னறையில் நின்றன. பேங்க்காரர் தலையாட்டினால்தான் அவை ஸ்பீக்கர் பிரியர்கள் சங்கத்தின் கண்காட்சிக்குப் போகும். அவர்தான் தலைவர். அவர் வீட்டில் இருப்பதெல்லாம் கப்பலில் வந்த சாமான். வாங்கி வைக்கிறவர்களுக்குக் கட்டுகிறவனைக் கண்டால் எப்போதும் ஓர் இளக்காரம்.

"லாரி இல்லை சார், இவன் கம்ப்யூட்டர்தான்," என்றான் கடைக்காரன். பாட்டு ஓடிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் சுவரை ஒட்டி நின்றது. "உள்ளே சுத்தற பேன் தேஞ்சு போச்சு. உர்ர்னு இழுக்குது பாருங்க."

"ஆமா, பேன்தான்," என்றான் லேத்து அவசரமாக. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. உள்ளே அக்கா உடம்பு முடியாம படுத்திருக்கு."

"நாங்க பேசறது இருக்கட்டும். முதல்ல உன் டப்பாவை வாயை மூடச் சொல்லு," என்றார் பேங்க்காரர். "சவுண்ட் கார்டாவது மாத்தினியா?"

"இல்லை சார். இதுவே போதும்."

"போதும்கறவனுக்கு எதுக்குய்யா இந்தப் பொழப்பு? என் வீட்டுல ஊசி விழுந்தா கேட்கும், தெரியுமில்ல?"

"உங்க வீட்டுல மனுஷங்க இருந்தாத்தானே சார் சத்தம் வர?"

சொன்ன பிறகுதான் லேத்து நாக்கைக் கடித்துக்கொண்டான். பேங்க்காரரின் முகம் கறுத்துவிட்டது.

பாட்டு தணிந்து, புல்லாங்குழல் மட்டும் தனியாக வந்த இடத்தில் அந்த இரைச்சல் மறுபடி தலைதூக்கியது.

"கண்ணுல தூசி விழுந்த மாதிரி இருக்கு," என்று முகம் சுளித்தார் அவர்.

கடைக்காரன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "என்கிட்ட புதுப் பேன் இருக்கு. சும்மாவே மாட்டித் தரேன்."

"அதுல கை வைக்காதே!"

"ஏன்டா, உள்ளே புதையல் வெச்சிருக்கியா?"

"வேண்டாம்னா விடேன்."

"பாத்தியா பிடிவாதத்தை?" பேங்க்காரர் வேண்டுமென்றே குரலை உயர்த்தினார். "பலகை அறுக்கத் தெரிஞ்சவனுக்கெல்லாம் காது இருக்கும்னு சொல்ல முடியாது. அந்தச் சனியன் நிக்கற வரைக்கும் இந்த ஸ்பீக்கர் தேறாது. எங்கேயும் போகாது. நல்ல சாமானை அந்த ஒரு சத்தம் கெடுக்குது."

லேத்து உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, கடைசியா ஒரு தடவை. குழல் வர்ற இடத்துல இருந்து போடு," என்றார் பேங்க்காரர்.

லேத்து போட்டான். குழல் எழுந்தது.

திடீரென்று இரைச்சல் நின்றது.

அறையே தெளிந்துவிட்டது. குழல் வாசிப்பவன் மூச்சை உள்ளே இழுப்பதுகூடக் கேட்டது.

பேங்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்படிப் போடு! இதுதான்யா ஸ்பீக்கர். கண்காட்சியில முதல் வரிசை இதுக்குத்தான்."

"சார், நான் தொடவே இல்லையே," என்ற கடைக்காரன், கம்ப்யூட்டருக்குப் பின்னால் கை வைத்துப் பார்த்தான். பேன் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. "டேய் லேத்து, அப்போ இவ்வளவு நேரம்…"

லேத்து அங்கே இல்லை. உள்ளறைக்குள் ஓடியிருந்தான்.

இருவரும் கதவு வரை போய் நின்றார்கள்.

கட்டிலில் எலும்பும் தோலுமாக அவன் அக்கா. மூக்கில் குழாய். பக்கத்தில், கம்ப்யூட்டர் நின்ற அதே சுவரின் மறுபுறத்தை ஒட்டி, அவளுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின். அதன் விளக்கு அணைந்திருந்தது. அவள் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"உன்னைச் சொல்லலைக்கா… கம்ப்யூட்டரைத்தான் திட்டினாங்க. பேன்க்கா, பேன்…" என்றபடி லேத்து அவள் தலைமாட்டுச் சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச மூச்சு போதவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"இருடா தம்பி… அவங்க கேட்டு முடிக்கட்டும்."