அருவிதான் வேண்டும்

அருவிக்கே போகலாம் என்று அவள் சொன்னதும் மேசையைச் சுற்றி முனகல் எழுந்தது.

குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போக இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரை ஓட்டல் என்றான் கொழுந்தன். ஏசி ஹாலில் உட்கார்ந்து நாளெல்லாம் கதை பேசலாமாம். நாத்தனார் அதற்கு இரண்டு கையையும் தூக்கினாள்.

மேசைக் கோடியில் அவள் கணவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

நெசவு மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. வந்தாலும் வாய் திறப்பதில்லை. தலைக்கனம் என்று உறவில் பேச்சு. காரணம் அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தார்.

இந்தத் தடவை எப்படியாவது அவரைக் கிளப்பிவிட வேண்டும்.

டீயா காப்பியா என்று கேட்டாலே ‘ஆமா’ என்கிற மனுஷன், கூப்பிட்டதும் வந்துவிடவா போகிறார் என்று நாத்தனார் இடித்தாள். அண்ணன் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம்; கோபமும் அதனால்தான்.

கொழுந்தன் அருவியின் குறைகளை அடுக்கினான். பாதை மோசம். பாறை வழுக்கும். குரங்கு பையைப் பிடுங்கும். அண்ணியின் முழங்கால் அத்தனை படி தாங்காது.

பட்டை கட்டிக்கொள்கிறேன் என்றாள் அவள்.

“சொன்னா கேளுங்க அண்ணி. அந்த இரைச்சல்ல பக்கத்துல நின்னு கத்தினாக்கூட ஒண்ணும் விழாது. ஆளாளுக்குக் கையை ஆட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.”

“யாருக்குமே கேக்காதுல்ல?” என்று அவள் உறுதிப்படுத்திக்கொண்டாள்.

பிறகு கணவரின் முழங்கையைத் தொட்டாள். அவர் நிமிர்ந்ததும், கையை உயர்த்தி விரல்களை அருவிபோல் நெளியவிட்டபடி கீழே இறக்கினாள். எல்லோரையும் வட்டமாகச் சுட்டினாள். தன் இரு காதுகளையும் பொத்திக் காட்டினாள்.

ஒரே மில்லில் வேலை பார்த்த நாளில், தறிகளின் இடிச்சத்தத்துக்கு நடுவே அவர்கள் காதலித்ததே இந்தப் பாஷையில்தான்.

அவர் ஆரஞ்சைக் கீழே வைத்தார். தம்பியையும் தங்கையையும் ஒரு முறை நேராகப் பார்த்தார்.

“எப்ப கிளம்பறோம்?” என்றார், தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில்.