சற்றுப் பொறுத்து வரவும்

அலுவலகத்தின் மெயில் சர்வரை லினக்ஸில் நிறுவிய அன்றே ரெஜினா அதற்கு ஒரு விதி எழுதினாள். முன்பின் தெரியாத முகவரியிலிருந்து மெயில் வந்தால், உள்ளே விடாமல் ‘சற்றுப் பொறுத்து வரவும்’ என்று திருப்பிவிட வேண்டும். ஒழுங்கான சர்வர் ஐந்து நிமிடத்தில் தானாகவே மறுபடி வரும். குப்பை மெயில் அனுப்புகிறவனுக்கு ஏது அவ்வளவு பொறுமை? இரண்டே நாளில் குப்பை நின்றது.

“வேண்டியவன்னா இன்னொரு தடவ வருவான் சார். வரலேன்னா விடுங்க,” என்றாள் மேலாளர் சற்குணத்திடம்.

வியாழக்கிழமை காலை, திருப்பியனுப்பியவற்றின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் விரல் ஒரு வரியில் நின்றது. ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் அந்தோணியின் முகவரி. ஒரே ஒரு முறை வந்திருக்கிறது, பிறகு வரவேயில்லை. தன் சர்வரைத் தானே கட்டிக்கொண்டவன் அவன். மறுபடி போகாதே என்று அதற்கும் சொல்லி வைத்திருப்பான். சோற்றைக்கூட இரண்டாம் தடவை கேட்டு வாங்காதவன். வாசலிலேயே திருப்பிவிட்டதால், அவன் எழுதியதில் ஓர் எழுத்துகூட இங்கே இல்லை.

“என்னம்மா, எதுவும் பிரச்சினையா?” என்றார் சற்குணம்.

“இல்ல சார். நம்ம விதி சரியாத்தான் வேல செய்யுது.”

‘என்னண்ணே, சொல்லு’ என்று எழுதி அனுப்பினாள். அவன் சர்வரிலிருந்து உடனே பதில் வந்தது: சற்றுப் பொறுத்து வரவும்.

ரெஜினா சிரித்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுடைய சர்வர் மறுபடியும் போகும்.